வயிறு ஏறிற்று, கால் வற்றிற்று
(ஒகேனக்கல்லிற் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைகளினூடே ஓடிவரும் காவிரியன்னை பாறைகளிற் பாய்ந்து ஆர்ப்பரிக்கும் இவ்விடத்தில், நம் குலத்தார் குடும்பங் குடும்பமாய் ஒருங்கு கூடியிருப்பதைக் காணுங்கால் எமதுள்ளம் பெரிதும் உவகை கொள்கின்றது. இவ்வூர்ப் பெயரின் பொருளைப் பலர் அறிவீர்கள். கன்னட மொழியில் ‘ஹொகெ’ என்பது புகை. ‘கல்’ என்பது கல்லேயாம். நீர் கல்லின்மீது வீழ்ந்து புகைபோல எழுதலின் புகைக்கல் என்று பெயராயிற்று. இப்புகை கண்ணுக்கு இனிது, உடலுக்குக் கேடில்லாதது. கேடு செய்யும் வேறொரு புகை நம் குடும்பங்களில் உண்டு. அதனையும், அதனாலும் பிறவற்றாலும் காலில் உண்டாகும் ஒரு நோயையும், அந்நோயுற்றார் நெடிது வாழ்தற்கும் விரைவில் மாய்தற்கும் உடலின் அமைப்பு எங்ஙனம் காரணமாகின்றது என்பதையும் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். யாம் மருத்துவரல்லேம். கற்றறிந்தோர் வெளியிட்டவற்றைப் படித்தும், எம் வீட்டில் நேர்ந்ததொன்றைக் கண்டும் தெரிந்துகொண்டவற்றையே கூறப் புகுகின்றோம்.

இன்று காலையில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் சொல்லுகிறோம். அருவியருகே எண்ணெய் தேய்க்கும் முதியவர் ஒருவரிடம் எம் உடலை ஒப்புவித்தோம். அவர் தோளையும் முதுகையும் உருவிவிட்டுக் கெண்டைக்காலைக் கையாற் பற்றிப் பார்த்து, “வயிறு ஏறியிருக்குதுங்க ஐயா, கால் வத்திப் போயிருக்குது” என்றார். யாம் திடுக்கிட்டோம். பல ஆண்டுகளாய் எம் எடை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்று பெருமை பேசி வந்தவர்கள் யாம். எடைப்பொறி சொல்லாத உண்மையை அப்பெரியவரின் கை சொல்லிவிட்டது. எடை நின்றவிடத்திலேயே நிற்க, உள்ளே தசை தேய்ந்து கொழுப்பு ஏறியிருக்கிறது. இன்று யாம் பேச வந்த பொருளின் சாரம் இதுவே.

இனி நோயைக் கூறுவோம். இதயத்தினின்று புறப்படும் தமனிகள், பெருவாய்க்கால் கிளைவாய்க்காலாகப் பிரிவதுபோலப் பிரிந்து கால் நுனிவரை இரத்தத்தைக் கொண்டு செல்லுகின்றன. வாய்க்காலில் வண்டல் படிந்தால் முதலில் வாடுவது கடைமடை வயலன்றோ? அதுபோலத் தமனிகளின் உட்சுவரிற் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகினால் முதலில் வருந்துவது காலேயாகும். இதனைப் புறத்தமனி நோய் என்பர். சும்மா இருக்கும்போது காலுக்குச் சிறிது இரத்தமே போதும். ஆதலின் நோவு தோன்றாது. நடக்குங்கால் தசை மிகுதியும் இரத்தத்தை வேண்டும்; அது கிட்டாமையாற் கெண்டைக்கால் இறுகி நோகும். சிறிது நின்றால் நோவு தணியும்; மறுபடி நடந்தால் மறுபடி தோன்றும். இத்தனை அடி நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்று கணக்காய்ச் சொல்லக்கூடிய நோவாயின், அஃது இந்நோயாக இருக்கக்கூடும் என்று ஐயுறுதல் வேண்டும்.

நம் தருமபுரிச் சீமையிற் கால்நோவு என்றவுடனே தண்ணீரின்மீது பழிபோடுவது வழக்கம். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து எலும்பைக் கெடுத்தது மெய்யே. அதன் பொருட்டன்றோ இவ்வொகேனக்கல் நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது! ஆயினும் எல்லாக் கால்நோவும் எலும்பு நோவன்று. மூட்டு நோவு எழும்போதே குத்தும். முதுகெலும்பால் வரும் நோவு குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் தணியும். தமனி நோவோ நின்ற நிலையிலேயே தணியும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. நோவே தோன்றாமலும் இந்நோய் இருத்தல் உண்டு. நீரிழிவால் நரம்பு மரத்தவர்க்குக் கால் புண்ணாகும்வரை ஒன்றுந் தெரியாது.

இதனை அறியும் வழி எளிது. கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோலக் கணுக்காலிலும் பார்த்து, கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பர். 0.9 அல்லது அதற்குக் குறைந்தால் நோயுண்டு என்பது கொள்கை. 1.4-க்கு மேற்பட்டால் தமனி சுண்ணமேறி விறைத்திருக்கிறது என்று கொண்டு வேறு சோதனை செய்வர். ஊசியில்லை, கத்தியில்லை, கால் மணி நேர வேலை.

இந்நோய் நம்மவர்க்கு வருவதுண்டோ என்று கேட்கலாம். சென்னையில் 20 வயதுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் மருத்துவர் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 3.2 பேருக்கு இந்நோய் இருந்தது. நீரிழிவுடையோரை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 6.3 பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணினால், இந்நோய் நம் தெருவிலும் வீட்டிலும் இல்லை என்று எவரும் சொல்லத் துணியார்.

காலில் உள்ள நோய் உயிரைக் கொல்லுமோ? காலின் தமனி குறுகியவனுக்கு இதயத்தின் தமனியும் மூளையின் தமனியும் மட்டும் தூய்மையாக இருக்குமென்று எண்ணுதல் பேதைமை. தென் கலிபோர்னியாவில் கிரிக்கி என்னும் பேராசிரியரும் அவர் கூட்டத்தாரும் 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1992-இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். காலின் பெருந்தமனிகளில் நோயுற்ற ஆடவர் 34 பேரில் 21 பேர் அக்காலத்துள் இறந்தனர். நோயற்ற ஆடவர் 183 பேரில் இறந்தவர் 31 பேரே. பெண்டிரில் நோயுற்றார் 33 பேரில் 11 பேரும், நோயற்றார் 225 பேரில் 26 பேரும் இறந்தனர். அதன்பின் நல்ல மருந்துகள் பெருகியுள்ளன. ஆயினும் கால் தரும் எச்சரிக்கை இதயத்தைப் பற்றியது என்னும் உண்மை மாறவில்லை.

காரணங்களுள் தலையானவை புகையும் நீரிழிவும். இரத்தக் கொதிப்பு, இரத்தத்திற் கொழுப்பு மிகுதல், முதுமை ஆகியவையும் சேரும். பீடியை ஏழையின் எளிய இன்பம் என்று நம்மவர் பொறுத்துக் கொள்ளுகின்றனர். அப்புகை தமனியின் உட்சுவரைப் புண்ணாக்கும், குழாயைச் சுருக்கும், இரத்தத்தைக் கட்டியாக்கும். இளம் வயதிலேயே விரல் கறுத்து அழுகும் மற்றொரு நோயும் உண்டு. 1908-இல் அதனை விரித்தெழுதிய பர்கர் என்பாரின் பெயரால் அது வழங்குகின்றது. அஃது ஏறக்குறைய முற்றும் புகையிலை கொள்ளுவோரையே பற்றுவது; புகையிலையை அடியோடு விட்டாலன்றி அது நில்லாது.

இனி நம் பொருளின் நடுவுக்கு வருவோம். பருத்த உடல் பிணிக்கு வாயில் என்பதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அங்ஙனமாயின் இந்நோயுற்றாருள் மெலிந்தவரே நெடுநாள் வாழ்தல் வேண்டுமன்றோ? ஆராய்ந்தவர்கள் கண்டதோ வேறு. நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரத்து மருத்துவர்கள் ஏறத்தாழ 2,400 நோயாளரின் வரலாற்றை 2008-இல் வெளியிட்டனர். அதில் மிக மெலிந்தவர் மிகுதியாகவும், பருத்தவர் குறைவாகவும் இறந்திருந்தனர். இதனைக் கேட்டவுடன், “அப்படியானால் நெய்யும் இனிப்பும் கொண்டு வருக” என்று நம் இளைஞர் சிலர் நகைப்பது எமக்குத் தெரிகிறது. பொறுத்திருந்து கேட்க வேண்டும்.

அவ்வாராய்ச்சியாளரே அதன் காரணத்தையும் தேடினர். மெலிந்தவருள் நுரையீரல் கெட்டவர் மிகுதி. மெலிந்தோரின் மிகைச் சாவுக்குப் பெரும்பாலும் அதுவே காரணமாயிருந்தது. அஃதாவது மெலிவு அவரைக் கொன்றதன்று. புகை நுரையீரலையும் காலையும் ஒருங்கே கெடுத்தது, மெலிவு அதன் அடையாளமாய் நின்றது. மற்றொன்று: எடை என்பது ஒரே எண், அதனுள் இரண்டு பொருள்கள் மறைந்திருக்கின்றன. நாம் நெசவுக் குலத்தார். நமக்கு இதை விளக்கப் பிறர் வேண்டா. துணியைத் தராசிலிட்டு நிறுத்தால், அதில் நூல் எவ்வளவு, கஞ்சி எவ்வளவு என்று தராசு சொல்லுமோ? கஞ்சி மிக ஏற்றிய துணி கனமாயும் விறைப்பாயும் இருக்கும். ஒருமுறை அலசினால் இழை தெரியும். உடலில் நூலாவது தசை, கஞ்சியாவது கொழுப்பு.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பாரும் இலண்டன் நகரத்து யட்கின் என்பாரும் தம் படத்தைத் தாமே 2004-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். எடையை உயரத்தோடு பொருத்திக் கணக்கிடும் குறியீடு இருவர்க்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆனால் உடலின் கொழுப்போ, இலண்டன் நண்பர்க்கு நூற்றுக்கு 9.1, புனே நண்பர்க்கு நூற்றுக்கு 21.2. நம் நாட்டார் மெலிந்து தோன்றினும் உள்ளே, அதிலும் வயிற்றில், கொழுப்பைச் சுமக்கின்றனர், தசையோ குறைவு. ஆகவே நம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று வகுத்துள்ளனர்.

சரி, தசைக்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு? சிகாகோ நகரத்து மெக்டெர்மட் அம்மையாரும் அவர் குழுவினரும் புறத்தமனி நோயுற்றாரின் கெண்டைக்காலைக் கருவிகொண்டு படம்பிடித்தும், காலின் வலிமையையும் கைப்பிடியின் வலிமையையும் அளந்தும், பின்னர் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தும் 2012-இல் முடிவு வெளியிட்டனர். தமனி அடைப்பு எவ்வளவு என்பதைத் தனியே கழித்துப் பார்த்தபோதும், கெண்டைக்கால் தசையின் அடர்த்தி குறைந்தவரும், காலும் கைப்பிடியும் வலிமை குன்றியவரும் மிகுதியாக இறந்தனர். சப்பான் நாட்டு மருத்துவர் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, காலிழக்கும் நிலையை எட்டிய நோயாளர் பற்றியது. 5 ஆண்டுகளின் முடிவில், தசை குன்றாதவருள் முக்காற் பங்கினர்க்கு மேல் உயிரோடிருந்தனர். தசை குன்றியவருள் காற்பங்கினரும் எஞ்சவில்லை. தசை குன்றுதல் சாவுக்குக் காரணமா, வேறு நலிவுகளின் அடையாளமா என்பதை இவ்வாராய்ச்சிகள் மட்டும் கொண்டு அறுதியிட முடியாது. இரண்டும் கலந்திருத்தல் கூடும். ஆயினும் அது புறக்கணிக்கத் தக்க அடையாளமன்று.

இது நேரும் வழியை நோக்குங்கள். நடந்தால் நோகிறது, ஆதலின் நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை தேய்கிறது, தசை தேய்ந்தால் உண்ட சர்க்கரையை எரிக்கும் இடம் குறைகிறது, சர்க்கரை ஏறுகிறது, வயிறு பருக்கிறது, தமனி மேலும் கெடுகிறது, நோவு முன்னிலும் விரைவில் வருகிறது. செக்கைச் சுற்றும் மாடுபோல இவ்வட்டம் சுற்றிச் சுற்றி ஆளைத் தேய்க்கின்றது.

இவ்வட்டத்துள் அகப்பட்டவர் எம் பெரிய தகப்பனார். அவர் தறிக்குழியிற் கால்வைத்து மிதி மிதித்து வளர்ந்தவர். அந்நாளில் அவர் கெண்டைக்கால் கடைந்தெடுத்த தூண்போல இருக்கும். பின்பு விசைத்தறி வந்தது. அவர் நூற்கடையில் அமர்ந்தார். இருபது வயதிற் பற்றிய பீடியை விடவில்லை. நீரிழிவும் வந்தது. அறுபதாம் வயதில், கோயிலுக்குப் போகும் வழியில் மூன்றிடம் நின்று நின்று போவார். “மூட்டு வாதம்” என்று யாமே பெயரிட்டோம். தைலம் யாமே தேய்த்தோம். எடையையும் சர்க்கரையையும் குறைக்கச் சொன்னார்கள் என்று கேட்டவுடன், எம் வீட்டார் அன்பு மிகுதியால் அவருடைய இராவுணவை நிறுத்தினோம், பருப்பு வாயு என்றோம், முட்டையும் மீனும் சூடு என்றோம், கஞ்சியே போதுமென்றோம். நடக்கவும் விடவில்லை, “நோகுமே, உட்காருங்கள்” என்று நாற்காலி இட்டோம். ஓராண்டில் நன்கு இளைத்தார். ஒரு திருமணத்தில் உறவினர் பலரும், “இளைத்து வாலிபர் போலாகிவிட்டீர்களே” என்று பாராட்டினர், யாமும் மகிழ்ந்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பந்தியிலிருந்து எழும்போது இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வயிறு அப்படியே இருந்தது. கால்கள் மட்டும் கோலாயிருந்தன. பிறகு செருப்புக் கடித்த ஒரு சிறு புண், விரல் போயிற்று, முழங்காலின் கீழே கால் போயிற்று, ஆண்டு திரும்புமுன் மாரடைப்பால் அவரே போயினார்.

வேறு விதமாகச் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உறுதி கூற எம்மால் இயலாது. ஆனால் இளைத்தலும் தேய்தலும் வேறு என்பதை அன்று யாம் அறியவில்லை. பீடியைப் பற்றி ஒருநாளும் அவரிடம் வாய் திறக்கவுமில்லை. மூத்தவரிடம் பேசக்கூடாது என்றிருந்தோம். பிறர்மீது குறை சொல்ல எமக்கு ஒன்றுமில்லை. இந்த அவையில் இதைச் சொல்லுவது, இன்னொரு வீட்டில் இது நேராதிருத்தற் பொருட்டே.

இனிச் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, புகையிலையை அறவே விடுதல். இரண்டாவது, நடை. நோய் இன்னதென மருத்துவர் தெளிந்து, இதயத்தையும் பார்த்து இசைந்தபின், நோவு நன்கு தோன்றும்வரை நடந்து, நின்று, நோவு தணிந்தபின் மீண்டும் நடத்தல் வேண்டும். இங்ஙனம் ஒரு முறைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்துக்கு மும்முறையேனும், 12 வாரம் தொடர்ந்து செய்தோர்க்கு நோவின்றி நடக்கும் தூரம் நீளுகின்றது என்பது பலமுறை கண்ட உண்மை. ஓய்ந்திருக்கும்போதே கால் நோவோர், விரல் கறுத்தோர், புண்ணுடையோர் நடைப்பயிற்சி தேடாது உடனே மருத்துவமனை சேர்க. நாட்கடத்தினாற் கால் போம்.

மூன்றாவது, உணவு. நம் சீமையின் கேழ்வரகுக் களி நல்லதே. ஆனால் களியே உணவாகாது. தசைக்குப் புரதம் வேண்டும். உடலெடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று நம் நாட்டு உணவு ஆராய்ச்சியாளர் 2020-இல் வரையறுத்தனர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இஃது ஏறக்குறைய 50 கிராம். முதியோர்க்கு இதனினும் சற்று மிகுதி நன்று என்பர் பலர். நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். களியோடு கொள்ளுக் குழம்பு, மொச்சை, தயிர், உண்போர்க்கு மீன் என்று சேர்த்துக்கொள்க. சிறுநீரகம் பழுதுற்றோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவறிந்து உண்க. பருத்தவர் இளைக்க வேண்டின் சர்க்கரையையும் எண்ணெயையும் மிகுதிச் சோற்றையும் குறைத்து, புரதத்தையும் உடலுழைப்பையும் குறையாது, மெல்ல இளைக்க வேண்டும்.

நான்காவது, கொழுப்புக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருத்துவர் தரும் மருந்தை இடையில் நிறுத்தாதிருத்தல். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசினர் திட்டம் 2021-இல் நம் அண்டை மாவட்டமாகிய கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியிலேயே தொடங்கப்பெற்றது. கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை இல்லந்தேடிக் கொடுப்பதே அதன் நோக்கம். ஐந்தாவது, பாதத்தை நாள்தோறும் பார்த்தல். நீரிழிவுடையோர் இன்று பாறைகளில் வெறுங்காலோடு நடந்திருப்பீர்களாயின், இரவு உறங்குமுன் விளக்கருகே உள்ளங்காலை நோக்குக. தாமே குனிய முடியாதார்க்கு மருமகளோ பேரனோ பார்த்துச் சொல்லுக.

அளக்கும் நாடா நம் வீடுகளில் இல்லாமலில்லை. அதனைக் கொண்டு இடுப்பையும் கெண்டைக்காலையும் அளந்துகொள்க. ஆசிய நாட்டு வல்லுநர் 2019-இல் வகுத்தபடி, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம் ஆடவர்க்கு 34, பெண்டிர்க்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை தேய்ந்திருக்கலாமென்று ஐயுற வேண்டும். கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு நாற்காலியினின்று ஐந்துமுறை எழுந்து அமர்க. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் அதுவும் ஓர் எச்சரிக்கை.

சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஆண்டுக் கூட்டந்தோறும் ஐம்பது வயது கடந்தோர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் மருத்துவரைக் கொண்டு கணுக்கால் அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்தல் வேண்டும். அதற்கான சிறு கருவியைச் சங்க நிதியிலிருந்து வாங்கலாம். நம் மண விழாக்களில் தாம்பூலத் தட்டோடு பீடி, சிகரெட்டு வைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அதனை ஒழித்தல் வேண்டும். ஊர்தோறும் முதியோர் சேர்ந்து நடக்க ஒரு குழு அமைத்து, நடைவழியில் இடையிடையே அமரத் திண்ணை கட்டுதல் வேண்டும். நின்று நின்று நடப்பவர்க்கு அத்திண்ணையே மருந்து. நான்காவது வேண்டுகோளுக்குப் பணம் வேண்டா. முதியவர் ஒருவரைக் காணும்போது “இளைத்துவிட்டீர்களே” என்று புகழ்வதையும், “பருத்துவிட்டீர்களே” என்று நகுவதையும் இன்றோடு விடுவோமாக. அவற்றின் இடத்தில், “நில்லாமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?” என்று கேட்போமாக. எம் பெரிய தகப்பனாரை அந்த ஒரு கேள்வி யாம் கேட்டதேயில்லை.

நேரம் மிகுதியாயிற்று, மாலைப் பரிசலுக்குச் சிறுவர் காத்திருக்கின்றனர். பரிசல் துறை வரை நடந்தே செல்லுவோம், வாருங்கள். வழியில் நிற்க வேண்டியவர் நாணாது நிற்க. மற்றவர் அவரோடு நிற்க.